ஆர்ச்சி கேட்ட பம்பு

தபால் வண்டிக்காரர் போட்டுவிட்டுப் போன பெட்டியை மேவிஸ் தன் பாலைநிலப் பண்ணையின் கொட்டகையில் வைத்துப் பிரித்தாள். வண்டி இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பு, இது மூன்றாவது. இதுவும் பொருந்தவில்லை. போல்ட் ஓட்டைகள் விரலகலம் விலகி நின்றன.

அழுகை வந்தது. கணவன் கிளெமுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை டவுனில் டயாலிசிஸ். உயிர் போகிற அவசரத்துக்கு மருத்துவ விமானம் வரும். வாரம் மூன்று முறைக்கெல்லாம் வராது. இதுவரை அக்கம்பக்கத்தார் கூட்டிப்போனார்கள். மாடு திரட்டும் பருவம் வந்ததும் அவர்களுக்கும் கை ஒழியவில்லை. மிஞ்சியது போன மாதம் ஏலத்தில் எடுத்த இந்தக் கிழட்டு டீசல் பிக்கப்தான்.

அதன் பம்பு பழுது. அதோடு ஒரு விபரீதம். இரவு ரேடியேட்டரை நிரப்பி வைத்தால் காலையில் காலி. அடியில் மண் காய்ந்தே கிடக்கும். பொழுது சாயும்போது கொட்டகைக்குள் யாரோ மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்கும்.

பாகங்கள் விற்கும் நெவிலுக்குப் போன் போட்டாள்.

"என்னைய சாவடிக்கவே கடை வச்சிருக்கியா நெவில்?"

"நீ குடுத்தது சேசிஸ் தகட்டு நம்பர்தானே? எவனாவது வேற இஞ்சினத் தூக்கி வச்சிருப்பான். இஞ்சின் பிளாக்ல நம்பர் குத்தியிருக்கும். சுரண்டிப் பாத்துச் சொல்லு தாயி."

கெட்டியான கிரீசைச் சுரண்டி, எண்ணை வாசித்தாள். மறுமுனையில் பழைய நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அது ஆர்ச்சியோட இஞ்சின்," என்றான் நெவில். "ஒழுகுற பம்போட ஓட்டிட்டுப் போயி, உப்பு ஏரிகிட்ட நின்னு போச்சு. அந்தாளு வண்டிய விட்டுட்டு நடந்துட்டான்."

அந்தப் பக்கத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுப்பது அதுதான்: வண்டி நின்றால் வண்டியை விட்டுப் போகாதே.

"நாக்கு வறண்டு செத்தான். அதுக்கு முன்னாடி தெனமும் போன் பண்ணுவான், 'பம்பு வந்துருச்சா?'ன்னு. அவனப் பொதச்சப்பறம் வந்துச்சு. இன்னும் அலமாரியிலதான் கெடக்கு. அனுப்பவா?"

சிகிச்சை தவறியதில் கிளெமின் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன.

"அனுப்பு."

அது கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றிரவு ரேடியேட்டரில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. சத்தமும் இல்லை. மேவிஸ் பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் கிளம்பினார்கள். சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. "சமத்து வண்டி," என்று கிளெம் தட்டிக் கொடுத்தான்.

உப்பு ஏரி கண்ணில் பட்டதும் இஞ்சின் அடங்கிவிட்டது.

உச்சி வெயில். காற்றுகூட இல்லை.

மேவிஸ் இறங்கிப் பானட்டைத் திறந்தாள். ரேடியேட்டர் நிரம்பித்தான் இருந்தது. பின்னால் போய்க் குடிதண்ணீர்க் கேன்களைத் தூக்கினாள். இரண்டும் வெற்றாக வந்தன. மூடிகள் இறுக மூடியபடியே இருந்தன.

அப்போதுதான் பார்த்தாள்.

ஏரியிலிருந்து சிவந்த புழுதியில் காலடித் தடங்கள். வெறுங்கால்.

ஈரமாக இருந்தன.

எல்லாம் வண்டியை நோக்கி வந்தவை. திரும்பிப் போன தடம் ஒன்றுமில்லை. கிளெம் பக்கத்துக் கதவருகே அவை நின்றிருந்தன.

கதவு திறந்திருந்தது. கிளெம் நகர்ந்து இருக்கையின் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"ஏன் தள்ளி உக்காந்திருக்க?" என்றாள் மேவிஸ்.

"பம்பு வந்துருச்சான்னு கேட்டாரு. வந்துருச்சுன்னேன்." கிளெம் பக்கத்தில் பார்க்காமலே கிசுகிசுத்தான். "இனிமே வண்டிய விட்டு எறங்கவே மாட்டாராம்."

சாவியைத் தொடாமலே இஞ்சின் ஓடத் தொடங்கியது.

வாரம் மூன்று முறை. இந்த ஒரு வண்டிதான். மேவிஸ் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தாள்.

அந்தப் பக்கக் கதவு உள்ளேயிருந்து மெல்லச் சாத்திக்கொண்டது.