நான்காம் பிளக்கில் ஈரம்

முன் வலது சக்கரத்துக்கு எதிரே வைத்திருந்த எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்கியிருந்தது.

காளிதாசன் குந்தி உட்கார்ந்து மற்ற மூன்றையும் பார்த்தார். வெள்ளிக்கிழமை பூசாரி வைத்த இடத்திலேயே, குங்குமம் கலையாமல், தோல் மட்டும் லேசாகச் சுருங்கி அவை கிடந்தன. கார் நகர்ந்திருந்தால் நான்கும் நசுங்கியிருக்க வேண்டும். கைப்பிரேக் இழுத்தபடி இருந்தது. சிமெண்டுத் தரையில் டயர் புரண்ட தடம் இல்லை. சரி, நகர்வதற்குத்தான் என்ன வழி? அந்த இன்ஜின் இன்னும் ஒரு தடவைகூட ஓடவில்லையே. ஆனால் நசுங்கிய பழத்தின் சாறு இன்னும் காயாமல் மினுங்கியது.

லோகன்தான், என்று முடிவு கட்டினார். கண்ணில் பட்டவன் மேல் பழியைப் போட்டால்தான் அவருக்கு மூச்சு சீராகும், பிறவிக் குணம். லோகன் அவருடைய மனைவியின் தம்பி, பக்கத்து வீடு. வாடகைக்கு ஓட்ட இந்தக் காரைக் கேட்டவன். தரமாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து அவன் முகம் சரியில்லை.

கரங்கான் ஊரில் முப்பது வருடமாக அவர் போமன், வண்டி பழுதுபார்ப்பவர். தோட்டத்து டிராக்டரில் தொடங்கி, இன்று வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகையில் ஊர்க் கார்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர். "காளி போமன் கைய வச்சா கல்லும் ஓடும்" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சை அவரும் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார். இந்தக் கார் யாருக்காகவும் இல்லை, மகள் திலகாவுக்காக. போன வருடம் சிடாம் கிரி பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரி அவளுடைய மோட்டார் சைக்கிளை உரசித் தள்ளிவிட்டுப் போனது. அவள் வலது தொடையில் இன்னும் இரும்புக் கம்பி இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, இனி என் பிள்ளை இரண்டு சக்கரத்தில் ஏறமாட்டாள் என்று அவர் வாய்விட்டு அழுதார். நாளை திங்கட்கிழமை அவளுக்குச் சுங்கைப்பட்டாணியில் தாதியர் கல்லூரி தொடங்குகிறது.

காரின் கூடு பழையது, இன்ஜின் பாலிங் ஊரில் கார் அறுத்து விற்கும் நூர்தீனிடம் வாங்கியது. வெள்ளத்தில் நின்ற வண்டியின் இன்ஜின் என்று நூர்தீன் சொல்லித்தான் கொடுத்தார். காளிதாசன் அதைக் கடைசித் திருகாணி வரை கழற்றி, கழுவி, காயவைத்து, புது ரிங், புது பேரிங், புது கேஸ்கெட் போட்டுக் கட்டினார். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் என்று அவருடைய மனைவி அம்சவள்ளி பூசைக்குச் சொல்லிவிட்டாள். இன்ஜினை ஓட்டிப் பார்க்க அவகாசம் இல்லை. ஓடாமல் எங்கே போகும் என்று கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, பழம் வைத்துச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் எழவில்லை.

"தள்ளியாச்சும் பழத்து மேல ஏத்திருங்கண்ணே. பூசை போட்ட காடி நின்னுட்டா, சாமிய அழைச்ச எடத்துல வேற ஏதாச்சும் வந்து குந்திக்கும்" என்றார் பூசாரி.

"என் இன்ஜின் தானா ஓடித்தான் ஏறும். நீங்க போயி சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டார் காளிதாசன்.

இரண்டு நாளாயிற்று. பெட்ரோல் வருகிறது. பொறி நீலமாகத் தெறிக்கிறது. டைமிங் பெல்ட்டை இரண்டு தடவை கழற்றிக் குறிகளை ஒத்துப் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. ஆனால் பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் முதல் மூன்றும் பெட்ரோல் வாடை அடிக்கும், நான்காவது மட்டும் தண்ணீரில் நனைந்து வரும். ரேடியேட்டரில் ஒரு சொட்டுக் குறையவில்லை. ஒரு பிளக் நனைந்தால் மற்ற மூன்றிலாவது திக்கித் திணறி ஓடியாக வேண்டும். இது இருமக்கூட இல்லை. யாரோ இரவில் வந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நேற்றுக் கொட்டகைக்குப் பெரிய பூட்டாகப் போட்டார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. பழம்தான் நசுங்கியிருந்தது.

காலையிலேயே வேலியோரம் நின்று கேட்டுவிட்டார்.

"லோகா, ராத்திரி கொட்டாய்க்குள்ள வந்தியா?"

லோகன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். துப்பிவிட்டு அவரையே பார்த்தான். "நான் என்னாத்துக்கு மச்சான் வரேன்? நீங்கதான் ரெண்டு மணிக்கெல்லாம் அடிச்சிக்கிட்டு இருந்தீங்க. தூங்க முடியல லா. அக்காகிட்டகூட சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னத்த அடிச்சேன்?"

"ஸ்டார்ட்டரு. அடிக்கிறது, நிக்கிறது. அடிக்கிறது, நிக்கிறது."

காளிதாசன் இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்சவள்ளியிடம் கேட்டபோது அவள் வெங்காயம் அரிந்தபடியே, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவன் பொய் சொல்றான், நீங்க அத நம்புறீங்க" என்றாள். அவருக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. மைத்துனன் பொய்யன் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் விடாமல் இரைந்து, சாலைக்கு அப்பால் செம்பனை மரங்களைச் சாம்பல் நிறமாக்கி, கொட்டகைக்குள் எண்ணெய், ஈர மண், பழைய ரப்பர் வாடையெல்லாம் ஒன்றாகக் கிளப்பிவிட்டது. அந்த வாடைகளுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. ஆற்றோரச் சேற்றின் வாடை. அது காரிலிருந்து வந்தது.

ஐந்து மணிக்குத் திலகாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு பானெட்டுக்கடியில் குனிந்தார். போமன்கள் வேலை செய்கிற முறை அது: ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. பானெட் தூக்கி நிற்பதால் உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. குரல்தான் பேச்சு.

"அடி!"

ஸ்டார்ட்டர் சுற்றியது. நான்காவது துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அவர் கழுத்தில் அடித்தது. பழுப்புத் தண்ணீர். அதோடு அழுகிய இலை ஒன்று வந்து சட்டையில் ஒட்டியது.

"போதும்!"

நின்றது. அவர் இலையைக் கையில் எடுத்தார். இந்த இன்ஜினை அவரே கழுவினார். விரல் விட்டுத் துடைத்தார். இலை எப்படி?

"என்னாப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. பேட்டரி வீக்கு. நீ உள்ள போ."

திலகா காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடந்து வந்து சாவியை அவர் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அவர் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, நான்காம் துளைக்குள் கண்ணை வைத்தார்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

மெல்ல, கிணறு ஊறுவது போல, அடியிலிருந்து ஏறி, துளையின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. பிறகு ஒரு குமிழி. உடைந்தது. இன்னொரு குமிழி. உடைந்தது. இடைவெளி சீராக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அவர் மூச்சு விடுகிற இடைவெளி என்று புரிந்தது. அவர் மூச்சை அடக்கினார்.

குமிழி நின்றது.

அவர் மூச்சு விட்டார். குமிழி உடைந்தது.

காற்றுத்தான், எங்கோ ஓட்டை, ஹெட்டில் விரிசல், கண்ணுக்குத் தெரியாத விரிசல், நூர்தீன் ஏமாற்றிவிட்டார், வேறொன்றுமில்லை. அவர் உதடுகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின. சுற்றிவிட்டால் தண்ணீர் வெளியே போய்விடும் என்று தோன்றியது. முப்பது வருடப் பழக்கம். வாய் தானாகவே சொன்னது.

"அடி!"

ஸ்டார்ட்டர் சுற்றியது.

தண்ணீர் பீய்ச்சியது. முகத்தைத் துடைத்துக்கொண்டே "போதும்" என்றார். உடனே நின்றது. நல்ல பிள்ளை, என்று நினைத்தார். சொன்ன சொல்லுக்கு நிற்கிறாள். வேறொரு போமனிடம் வேலை பழகியவள் போல.

"அப்பா, டீ ஆறுது!"

குரல் சமையலறையிலிருந்து வந்தது.

காளிதாசன் அசையவில்லை. பையில் சாவி தொடையைக் குத்தியது. தொட்டுப் பார்த்தார். இருந்தது. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு. அதன் வழியே ஸ்டியரிங்கின் மேல்பாகம் தெரியும். பார்க்க வேண்டாம் என்று மனம் சொன்னது. பார்த்தார். கண்ணாடி உட்புறம் பனித்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பனித்த கண்ணாடியில், ஓட்டுநர் பக்கம், ஒரு சின்ன வட்டம் மட்டும் மங்கி, தெளிந்து, மங்கியது.

அவர் வெட்கமில்லாமல் பயந்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பேட்டரிக் கம்பிகள் இரண்டையும் கழற்றித் தூரத் தள்ளினார். பிளக்குகளைத் திரும்பத் திருகினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. துளை திறந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். பானெட்டை அறைந்து மூடினார். காருக்குள் பார்க்காமல் வெளியேறினார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைப் பயமுறுத்துவானேன்? நாளைக்கு லோகன் கொண்டுபோய் விடட்டும். இந்த இன்ஜினை இறக்கி நூர்தீன் கடை வாசலிலேயே போட்டுவிடலாம். சாவியை மட்டும் எங்காவது வைக்க வேண்டும். பையில் வைத்திருக்க முடியவில்லை, அது ஈரமாகியிருந்தது. சாமி மாடத்தில், முனியாண்டி படத்துக்கு முன்னால், திருநீற்றுத் தட்டில் வைத்தார். அங்கே இருந்தால் யாரும் எடுக்க முடியாது என்று நினைத்தார்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. மேற்கே கடைசி வெளிச்சம் அணைந்துகொண்டிருந்தது.

"பாய், உண்மையச் சொல்லுங்க. இந்த இன்ஜின் யாரு காடில இருந்துச்சு?"

"அதான் சொன்னேன்ல அண்ணே. வெள்ளத்துல நின்ன காடி."

"நின்னுச்சா, வெள்ளத்தோட போச்சா?"

நூர்தீன் கடைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஆத்துல கெடந்துச்சுண்ணே. கிரேன் வச்சுத் தூக்குனாங்க. நான் பாத்தேன். நாலு கதவும் உள்ளாற பூட்டியிருந்துச்சு. கண்ணாடி பூரா ஏத்தியிருந்துச்சு. சாவி போட்டபடியே இருந்துச்சு."

"ஆளு?"

"அதாண்ணே கேட்டா நீங்க வாங்கமாட்டீங்கன்னு சொல்லல. ஆளே இல்ல."

"பூட்டுன காடில ஆளு எப்படி பாய் இல்லாம போவும்?"

"போலீசும் அதத்தான் கேட்டுச்சு. யாரும் தேடியும் வரல. ஆனா தூக்கி ரோட்டுல வைக்கறப்ப..." குரல் இறங்கியது. "லைட்டு எரிஞ்சுச்சுண்ணே."

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

இன்ஜின் ஓடியது. ஒரே அடியில் பிடித்து, திக்காமல் திணறாமல், பட்டுப் போல ஓடியது. இரண்டு நாளாக அவர் காது ஏங்கிய சத்தம். முதலில் அவருக்கு வந்தது பெருமை. அதுதான் கொடுமை. அரைக் கணம் கழித்துத்தான் போன் கையிலிருந்து விழுந்தது.

ஓடினார். சமையலறையில் அம்சவள்ளி சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

"சாவிய சாமிகிட்ட வச்சீங்கல்ல? அதான் திலகாவப் போயி ஒரு தடவ அடிச்சுப் பாருன்னேன். பாத்தீங்களா, புடிச்சிருச்சு!"

மாடத்தில் தட்டு காலி.

கொட்டகை. பேட்டரிக் கம்பிகள் நினைவுக்கு வந்தன. கழற்றியது கழற்றியதுதான். ஆனால் காரின் விளக்குகள் எரிந்தன. மஞ்சளாக. சேற்றுக்குள்ளிருந்து எரிவது போல.

"திலகா!"

கண்ணாடிகள் ஏறியிருந்தன. கதவை இழுத்தார். பூட்டு. இடது பக்கம் ஓடினார். பூட்டு. உள்ளே பழுப்பாக ஏதோ அசைந்தது. கண்ணாடியோடு கண்ணை வைத்தார்.

தண்ணீர்.

இருக்கைக்கு மேல். அவள் மார்புக்கு மேல். கழுத்துக்கு. இடது மூலையில் ஒடுங்கி, முகத்தைக் கூரையோடு தூக்கி, திலகா வாயைத் திறந்து திறந்து மூடினாள். 'அப்பா' என்கிற வாய். சத்தம் வரவில்லை. ஸ்பேனரால் அடித்தார். மீண்டும். மீண்டும். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. கதவுக்குக் கீழே சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

"அய்யோ என் புள்ள! வுட்டுரு! அவள வுட்டுரு!"

கியர் விழும் சத்தம் கேட்டது. கார் மெதுவாக, மிக மெதுவாக, சாலையைப் பார்த்து நகர்ந்தது. அவர் கதவுப் பிடியில் தொங்கிக்கொண்டே கூட ஓடினார்.

திலகாவின் இரண்டு உள்ளங்கைகளும் அவர் முகத்துக்கு நேரே கண்ணாடியில் அழுந்தியிருந்தன. அவளுக்குப் பின்னால், ஓட்டுநர் இருக்கையில், தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை மட்டும் ஊறி வெளுத்த இரண்டு கைகள் பிடித்திருந்தன.