நாலரை அங்குலச் சுவர்

மேஸ்திரி தட்டுவதை நிறுத்திய பிறகும் ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டது.

மேஸ்திரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பூச்சுக் கரண்டியின் மரப்பிடியால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, பொள்ளலாகச் சத்தம் வந்த இடத்தில் எல்லாம் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தவர், இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து, "பெரிய வேலை இல்ல சார், நாலு நாள்ல முடிச்சுடலாம்" என்றார்.

குளியலறை வாசலில் நின்றிருந்த ஸ்கேல் சாருக்கு மட்டும்தான் அந்தக் கூடுதல் தட்டு கேட்டது. முப்பத்தைந்து வருடம் ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டு வரைபடம் வரைந்தவர். கால் அங்குலம் தப்பினாலும் முழுத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார் என்பதால் வந்த பெயர், ஓய்வு பெற்ற பிறகும் விட்டுப் போகவில்லை.

மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டு. சன்னலின் கண்ணாடிப் பட்டைகள் வழியாகக் கசிந்த வெளிச்சத்தில் வெளிர்பச்சை டைல்ஸ் எல்லாம் பாசி பிடித்த மாதிரி தெரிந்தன.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க" என்றார் மேஸ்திரி. "மேல எல்லாம் கெட்டியா இருக்கு. இந்த ஒரு சுவத்துல மட்டும், அதுவும் கீழ மூணாவது வரிசை மட்டும்தான் பிடிப்பு விட்டிருக்கு. ஈரம் இறங்கினா இப்படி ஆகாது. யாரோ கீழ உக்காந்துகிட்டு ரொம்ப நேரம் தட்டின மாதிரி இருக்கு."

"பழைய வீடு."

"அதுவும் சரிதான்." மேஸ்திரி கரண்டியைப் பைக்குள் போட்டார். "திங்கக்கிழமை வந்து உடைச்சிடறோம். பிடிகம்பி எந்த உயரத்துல வேணும்னு மட்டும் குறிச்சு வைங்க. உங்க உயரத்துக்குப் போதுமா, இல்ல வீட்டுல வேற யாராவது..."

"யாரும் இல்ல."

மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறையும்வரை ஸ்கேல் சார் அங்கேயே நின்றார்.

பிடிகம்பி கேட்டவள் அவர் மனைவி. பக்கவாதம் வந்து இடது கால் தொய்ந்த பிறகு அவள் கேட்டது மூன்றே மூன்று விஷயம். பிடிக்க ஒரு கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை, வழுக்காத தரை. அவர் பதினொரு வரைபடம் வரைந்தார். ஒன்றில் மேடை கதவை மறைத்தது. இன்னொன்றில் தண்ணீர் ஓட்டம் சரியில்லை. "ஒரு கம்பிதாங்க கேட்டேன். நீங்க என்னமோ அரண்மனைக்கு அளவு எடுத்துக்கிட்டு இருக்கீங்க" என்று அவள் சிரித்தாள். ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுத்த மனுஷன், சொந்த வீட்டில் ஒரு கம்பியை முடுக்க ஒன்றரை வருடம் ஆக்கினார். அதற்குள் அவள் போய்விட்டாள். ஒன்பது மாதம் ஆகிறது.

கைபேசி அடித்தது. மகள்.

"மேஸ்திரி வந்தாராப்பா?"

"வந்துட்டுப் போனார்."

"இந்தத் தடவை தள்ளிப்போடாதீங்க. உங்களுக்கும் வயசாகுது." பிறகு குரல் இளகியது. "அந்த ரூமைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியும். உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்கப்பா. நீங்க கடைக்குப் போன நேரமா பார்த்து அம்மா விழணும்னு இருந்திருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ம்" என்றார்.

அவர் கடைக்குப் போகவில்லை.

அன்று காலை அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். இதே சுவரை ஒட்டிப் போட்ட மேசையில் பதினொன்றாவது வரைபடத்தை வரைந்துகொண்டிருந்தார். தட்டும் சத்தம் கேட்டது. மாடி வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தார். விட்டு விட்டு, ஓய்ந்து ஓய்ந்து, மறுபடி கேட்டது. "இவங்களுக்கு வேற பொழைப்பே இல்ல" என்று முணுமுணுத்தபடி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றரை மணி நேரம். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோதுதான் கடைக்குப் போயிருந்தேன் என்ற பொய் வாயில் வந்தது. சொன்ன பொய்க்குக் காவல் இருப்பதே அதன்பிறகு அவர் பிழைப்பாகிவிட்டது.

பக்கத்து அறைக்குப் போய், கைபேசியை அந்த மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

டொக்.

மேசைக்கு எதிரே, சுவருக்குள். பென்சில் டப்பா லேசாக அதிர்ந்தது. இது குளியலறைப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தோன்றியது. எழுந்து குளியலறைக்குப் போனார். அங்கே நின்று கேட்டால் அறைப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவே இருப்பது நாலரை அங்குலச் சுவர், பூச்சைச் சேர்த்தாலும் ஆறு அங்குலம் தாண்டாது. அதை அவரே எத்தனையோ முறை அளந்திருக்கிறார்.

டொக். டொக்.

ஓய்ந்தது. மழை மட்டும். சன்னல் பட்டையில் நீர் சொட்டியது. பிறகு மறுபடி, இன்னும் பலவீனமாக. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சிவப்புக் குறிகள் எல்லாம் அவர் கை எட்டுகிற உயரத்தில், ஒரே வரிசையில் இருந்தன. தரையின் குளிர் வேட்டி வழியாக ஏறியது. ஒன்றரை மணி நேரம் இந்தக் குளிரில் கிடந்திருக்கிறாள்.

"கேட்டுச்சு" என்றார். "எனக்குக் கேட்டுச்சும்மா. நான் இங்கதான் இருந்தேன். கதவைச் சாத்தினதும் நான்தான்."

தட்டுவது நின்றது.

ஒன்பது மாதத்தில் முதல் முறையாக அழுதார். நெற்றியை டைல்ஸில் வைத்து, சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுது முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது. சுவர் அமைதியாக இருந்தது. போய்விட்டாள் என்று நினைத்தார்.

நெற்றிக்குக் கீழே ஒரு டைல்ஸ் மெல்ல நகர்ந்தது.

சரிந்தது. மடியில் விழுந்தது. உடையவில்லை.

அது இருந்த இடத்தில் சிமெண்டு இல்லை. செங்கல் இல்லை. சதுரமாக ஓர் இருட்டு. நனைந்த சுண்ணாம்பு வாசனை, அதற்கு அடியில் அவள் தேய்க்கும் வலித்தைலத்தின் வாசனை. செங்கல் எங்கே போயிற்று? அளந்து பழகிய கை, மூளையைக் கேட்காமல் உள்ளே போனது. விரல்களால் துழாவினார். எதுவும் தட்டுப்படவில்லை. மணிக்கட்டு போனது. முழங்கை போனது.

நாலரை அங்குலச் சுவர்.

அந்தப் பக்கம் மேசை இருக்கிறது. மேசைமேல் கைபேசி.

விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தன.

ஈரமான விரல்கள். கோபம் இல்லாத பிடி. இழுக்கவில்லை, நகம் பதிக்கவில்லை. விழுந்தவர்கள் எழுந்திருக்கக் கம்பியைப் பிடிப்பார்களே, அப்படி.

"விடும்மா" என்றார். "விட்டுடு."

அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. சற்றுமுன் அவர் அழுது சொன்னதும் கேட்டிருக்கவில்லை.

இரண்டாவது டைல்ஸ் விழுந்தது. இன்னொரு கை வெளியே வந்து காற்றில் துழாவியது. வெளுத்துச் சுருங்கிய விரல்கள். முட்டிகளில் தோல் இல்லை. தடவித் தடவி அவர் தோளைக் கண்டுபிடித்தது. சட்டையைச் சுருட்டிப் பற்றிக்கொண்டது.

உள்ளே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். கால் தொய்ந்த பிறகு எழும்போதெல்லாம் அவள் எண்ணுவாள்.

"ஒண்ணு…"

அவர் காலைச் சுவரில் ஊன்றினார்.

"ரெண்டு…"

கால் வழுக்கியது.

"மூணு."

முழுக் கனமும் அவர்மேல் வந்தது. கன்னம் டைல்ஸில் நசுங்கியது. கை தோள்வரை உள்ளே போயிற்று. உள்ளே ஏதோ பாதி எழுந்து, தடுமாறி, தொப்பென்று விழுந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

பக்கத்து அறையில் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

கொஞ்சநேரம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு பொறுமையாக, மறுபடி முதலிலிருந்து:

"ஒண்ணு…"