முதல் முழுக்கின் உப்பு

செவ்வாய், காலை 9.10. பிரெஸ்ட் துறைமுகத்தைப் பார்த்த அலுவலகத்தில் நோல்வெனின் விரல் திரையின் மேல் நின்றது. 4417-ஆம் மிதவையின் பதிவு திருடு போயிருந்தது. எண்கள் இருந்தன, ஆனால் அவை மிதவை சொன்னவை அல்ல.

வட அட்லாண்டிக்கில் அலையும் கருவி அது. பத்து நாளைக்கொரு முறை இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து ஏறிவந்து, கடலின் உப்பளவைச் செயற்கைக்கோள் வழியே சொல்லும். நாளாக ஆக அதன் உணரி அளவு தப்பும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் நோல்வெனின் வேலை. இந்த மிதவையோ இருபது மாதமாக ஆழத்தில் 34.92 என்றே சொல்லிவந்தது. இம்மி பிசகவில்லை. எந்தக் கடலும் அப்படி இருக்காது. அவள் கேட்டு வாங்கிய மூலச் செய்தியில் நேற்றைய எண் 34.98.

அறுபத்திரண்டு முழுக்குகளில் அறுபத்தொன்றை யாரோ மாற்றியிருந்தார்கள். முதல் முழுக்கு மட்டும் தொடப்படவில்லை: 34.85. பதிவறையின் கடவுச்சொல் மூவரிடம்தான் இருந்தது: அவளிடம், உடன் வேலை பார்க்கும் கொராந்தனிடம், பதிவறைப் பொறுப்பாளர் எனோராவிடம்.

11.40. கொராந்தன் காப்பியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னான்.

"முதல் முழுக்கு ஏன் கம்மியா இருக்கு?"

"பாசி பிடிக்காம இருக்கப் பூசற மருந்து உணரியில ஒட்டியிருக்கும். புது மிதவை எல்லாமே அப்படித்தான். அதைத் திருத்தணும்னு விதி எழுதினதே நான்தான். நான் பொய்க்கணக்கு எழுதினா, அதையா விட்டுவைப்பேன்?"

2.15. நோல்வென் கப்பலின் குறிப்பேட்டைத் திறந்தாள். 4417-ஐக் கடலில் இறக்கியவர் மாலோ. எனோராவின் கணவர். திரும்பும் வழியில் அலை அவரைத் தளத்திலிருந்து வாரிக்கொண்டு போனது, உடல் கிடைக்கவில்லை.

பதிவறையில் எனோரா தலை நிமிரவில்லை.

"நீங்கதான் மாத்தினீங்க, எனோரா. கொராந்தன் மாத்தியிருந்தா முதல் முழுக்கைத்தான் முதல்ல தொட்டிருப்பான். அப்பட்டமான தப்பு அது. உங்களால மட்டும்தான் தொட முடியல."

"அவர் இருந்தப்ப வந்தது அது ஒண்ணுதான்" என்றார் எனோரா. "உணரி கெட்டுப்போச்சுன்னு கெட்ட பட்டியல்ல போட்டுட்டா அந்த மிதவையை யாருமே திறந்து பார்க்க மாட்டீங்க. எனக்குன்னு அந்தக் கடல்ல இருக்கறது அது மட்டும்தான்."

நோல்வென் புகார் எழுதினாள். எழுதாமல் இருக்க முடியாது. அந்த எண்களை நம்பி ஒரு கடலின் வரைபடமே தயாராகிக்கொண்டிருந்தது. எனோராவிடமிருந்து கடவுச்சொல் பறிக்கப்பட்டது. மிதவையின் உப்பளவு கெட்ட பட்டியலில் சேர்ந்தது.

அடுத்த வாரம் வியாழன், காலை 8.05. மிதவை மேலே வந்தது. நோல்வென் எனோராவைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். திரையில் 34.99.

"தப்பான எண்தான்" என்றாள் மெல்ல.

"தெரியும்." எனோரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இத்தனை நாளா எண் வந்ததும் மாத்திடுவேன். அப்புறம் நான் எழுதினதையே திரும்பத் திரும்பப் படிப்பேன். அது சொன்னதை இன்னைக்குத்தான் கேக்கறேன்."