ஒளிராத ஊர்

காலைச் சங்கு ஊதியதும் கிளிஞ்சல்துறை ஜனங்கள் ஊர்வாசலில் வரிசையாக நின்றார்கள். முறை வந்தவர் இருட்டுப்பெட்டிக்குள் கையை நுழைக்க வேண்டும். உள்ளே நீல வெளிச்சம் நகங்களில் படும். ஊரில் எல்லோருக்கும் ஒளிருணரி ஊசி போட்டிருந்தார்கள். உயிரணுவுக்குள் பாதரச அயனி புகுந்தால் நகம் பச்சையாக ஒளிரும்.

ஒளிர்ந்தவர்களைத் தொலைவிலுள்ள பராமரிப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒளிராதவர்களுக்கு அங்கே இடமில்லை. மிஞ்சியிருப்பவர்களில் யார் நகமும் ஒளிராததால் ஊர் சுத்தம் என்று சான்று கிடைத்துக்கொண்டே இருந்தது. சுத்தமான ஊரில் ரசாயன ஆலையை மூடச் சொல்ல யாருக்கும் காரணமில்லை.

சலேத்மேரியின் மகள் ஜெனோவாவுக்கு ஆறு வயதில் நகம் ஒளிர்ந்தது. முகாம் வண்டியில் கூடவே ஏறப்போன தாயை ஆய்வர் மணிவாசகன் தடுத்தார்.

“உங்க கை சுத்தமா இருக்கும்மா. ஏத்தினா என் வேலை போயிரும்.”

“தனியாப் படுக்காது சார், பயந்துக்கிடும்.”

“அங்க ஆயாங்க இருக்காங்க.”

ஆலைமேல் வழக்குப் போட வக்கீலிடம் போனாள். பாதிக்கப்பட்டவர் ஒருவரும் ஊரில் இல்லை, வழக்கு நிற்காது என்றார் அவர்.

அதன்பிறகுதான் ஆலைக்கழிவு கலக்கும் ஓடையில் நண்டு பிடிக்க ஆரம்பித்தாள். அந்த ஓடைப் பக்கம் நாய்கூடப் போகாது. தினமும் குழம்பு வைத்து, நண்டின் ஓட்டைக்கூட உறிஞ்சித் தின்றாள். உதடு மரத்தது. தண்ணீர்ச் செம்பைப் பிடித்தால் கை நடுங்கிச் சிந்தியது. அப்படியும் நகம் இருண்டே கிடந்தது. பெட்டியிலிருந்து கையை எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் பச்சை தெரிந்தது. மணிவாசகன் அவள் முகத்தைப் பார்த்தார்.

“தெரிஞ்சே செஞ்சீங்களா?”

“வண்டி எப்ப சார் வரும்?”

வரிசை சற்று விலகி நின்றது. பக்கத்து வீட்டு லீமா மட்டும் நகரவில்லை. அவள் மகனையும் முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வண்டி வந்து சலேத்மேரி படியில் கால் வைத்தபோது லீமா நெருங்கி வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“யக்கா, நண்டு எங்க புடிச்ச?”

வேண்டாம் என்று சொல்லத்தான் சலேத்மேரி வாயெடுத்தாள். லீமாவின் கண்ணைப் பார்த்ததும் அந்தச் சொல் வரவில்லை.

“பாலத்துக்குக் கீழ,” என்றாள். “தண்ணி வத்தும்போது போ.”