நான்கு காலியறைகள்

காலையில் எழுந்ததும் எட்வினின் காதோரம் நினைவுத்தாங்கியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஜெபசீலி அடுப்புப் பக்கம் போவாள். எரிந்தால் அவருக்கு அவள் யாரென்று தெரியும். எரியாத நாள் ஒன்று போன வருஷம் வந்தது. சர்வரில் ஏதோ பழுது, மூன்று மணி நேரம். அவ்வளவு நேரமும் கட்டிய மனைவியை அவர் "நர்சம்மா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். 

இன்று விளக்கு எரிந்தது. காபியைக் கொடுத்துவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தாள். எட்டு வரிசைகளில் ஐம்பத்திரண்டு சீட்டுகளும் முகம் காட்டிக் கிடந்தன. மேலே இடதுபுறம் நான்கு காலியறைகள். வலதுபுறம் நான்கு வீடுகள். அங்கே ஏஸில் தொடங்கி ராஜா வரை ஆர்ட்டின், ஸ்பேடு என்று ஒவ்வொரு குலத்துச் சீட்டையும் ஏற்றி முடித்தால் ஆட்டம் ஜெயம்.

"செவப்பு ஒம்பதத் தூக்கிக் கறுப்புப் பத்து மேல வையி," என்றார் எட்வின். "காலியறையில போடாத. இருக்கது நாலே நாலு. அதையும் அடைச்சிட்டா சீட்டு நகராது."

"பத்திரமா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

"பத்திரமா வைக்கதுக்கு அது பீரோ இல்ல, சீலி."

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சீட்டுக்கட்டைத் தொட்ட கையால் வேதாகமத்தைத் தொடக்கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு அவளுடையது. ஆர்ட்டின் சிவப்பு, ஸ்பேடு கறுப்பு என்பதையே அறுபத்தொரு வயதில், போன மாதம்தான் கற்றுக்கொண்டாள். எட்வின் அப்படியல்ல. அலுவலகத்து மதிய இடைவேளைகளில் முப்பது வருஷம் இந்த ஆட்டத்தை ஆடியவர். காலையில் இட்லி சாப்பிட்டது மறந்துபோகும், சீட்டு மறக்காது.

அறுபது தாண்டியவர்கள் ஆண்டுக்கொரு முறை தெளிவுத் தேர்வு எழுத வேண்டும். எழுதுவது என்பது பேச்சுக்குத்தான், இந்தத் தனியாட்டத்தை ஆடிக் காட்ட வேண்டும். தேறினால் முடிவுரிமை கையில் இருக்கும்: எங்கே குடியிருப்பது, என்ன மருந்து சாப்பிடுவது, எதில் கையெழுத்திடுவது எல்லாம். தேறாவிட்டால் அந்த உரிமை துணைக்குப் போகும். துணையும் தேறாவிட்டால் காப்பகம். அங்கே ஆண்களுக்குத் தனிக் கட்டடம், பெண்களுக்குத் தனிக் கட்டடம்.

எட்வின் ஜனவரியில் தேறவில்லை. இன்று பதினொரு மணிக்கு அவள் முறை.

"ரொம்பக் கஷ்டமா வந்தா என்ன செய்ய?" என்று கேட்டாள்.

"ஆடிக்கிட்டே இரு. கீழ 'கைவிடு'ன்னு ஒரு பொத்தான் இருக்கும். அதுல மட்டும் கைய வச்சிராத. அது தோத்தவன் அமுக்குறது."

அவர் மட்டுமல்ல, பாளையங்கோட்டையே அப்படித்தான் நம்பியது.

பதினொரு மணிக்கு, எட்வின் வெளியே போனதும், திரை இருந்த அறையின் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. "நேரம் ஒரு மணி. எத்தனை முறை வேண்டுமானாலும் முதலிலிருந்து தொடங்கலாம்," என்றது தேர்வு நடத்தும் கருவியின் குரல்.

முதல் பார்வையிலேயே கஷ்டமான ஆட்டம் என்று தெரிந்தது. நான்கு ஏஸும் அடியில் கிடந்தன, அவற்றின்மேல் ராஜாக்கள் நந்திபோல உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது நகர்விலேயே காலியறைகள் நான்கும் நிரம்பின. மீண்டும் தொடங்கினாள். வேறு வழியில் போனாள், அங்கேயும் அடைத்தது. நான்காம் முறை தொடங்கியபோது இருபத்தெட்டு நிமிடம் ஓடியிருந்தது. வாய்க்குள் ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. எட்வினை ஒரு கட்டடத்திலும் தன்னை இன்னொன்றிலும் வைத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் கீழ்வீட்டு சுசீலா டீச்சர் நினைவுக்கு வந்தாள். கணக்கு டீச்சர், ஆட்டத்தில் புலி. ஒரு மணி நேரமும் விடாமல் ஆடினாளாம். அடுத்த வாரம் ஒரே ஒரு பையோடு காப்பக வண்டியில் ஏறினாள். எட்வினும் முழு மணி நேரம் ஆடியவர்தான். நன்றாக ஆடத் தெரிந்த இரண்டு பேரும் ஏன் தோற்றார்கள்?

ஜெயிப்பதையா இவர்கள் பார்க்கிறார்கள்?

சீட்டுகளை இன்னொரு முறை வரிசை வரிசையாகப் பார்த்தாள். எந்த ஏஸை வெளியே எடுக்கவும் ஐந்து காலியறையாவது வேண்டும், இருப்பது நான்கு. இந்த ஆட்டத்துக்கு வழியே இல்லை. அவளுக்குத் தெரியாததால் அல்ல, யாருக்குமே இல்லை. விரலை நீட்டிக் 'கைவிடு' என்பதை அழுத்தினாள்.

"தேறினார்," என்றது குரல். "தீராததை அறிந்து விட்டுவிடும் தெளிவு உடையவர்."

அவள் அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் திரையில் ஒரு படிவம் வந்து நின்றது.

'உங்கள் பொறுப்பில் உள்ளவர்: எட்வின், வயது 66. இவரது நோய் தீராதது. நினைவுத்தாங்கிச் சேவையை நிறுத்த உங்கள் ஒப்புதல் கோரப்படுகிறது.'

இரண்டு முறை படித்தாள். விட்டுவிடத் தெரிந்தவர்களைத்தான் இத்தனை நாளும் தேடியிருக்கிறார்கள். அவளும் போய் வசமாக அகப்பட்டிருக்கிறாள்.

'மறுக்கிறேன்' என்பதைத் தொட்டாள்.

"பதிவாயிற்று," என்றது குரல், கோபமே இல்லாமல். "இந்த மறுப்பு உங்கள் தேர்வு முடிவோடு பொருந்தவில்லை. நாளை பதினொரு மணிக்கு மறுதேர்வு. ஒப்புதலும் மீண்டும் கேட்கப்படும்."

"நாளைக்கும் மறுத்தா?"

"மறுநாள் மறுதேர்வு. தீரும் ஆட்டமும் வரலாம், தீராததும் வரலாம். ஒரு முறை தேறாவிட்டாலும் முடிவுரிமை காப்பகத்துக்கு மாறும், ஒப்புதலை அது தரும்."

கதவு திறந்தது. வாசலிலேயே காத்திருந்த எட்வின் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னாச்சி?"

"பாஸ்."

"பொறவு எதுக்கு அழுத?"

"நாளைக்கும் ஆடணுமாம். அதுக்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் தப்பில்லாம ஆடணும்." படிவத்தைப் பற்றிச் சொல்லாமல் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்வின் அவள் கையைப் பிடித்தார்.

"பயந்துட்டியோ?"

"ஆமாங்க. ரொம்பப் பயமா இருக்கு."

"என்னத்துக்குப் பயப்படுத? நான் இருக்கேன்லா," என்றார் அவர். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுக்காகப் புதிய ஆட்டம் ஒன்றைத் திறந்தார்.