படகுக்கு ஒரு தலையணை

பாய்மரப் படகு பக்கவாட்டில் கவிழ்ந்தபோது வாலுவுக்குச் சிரிப்புதான் வந்தது. அது அப்படியே புரண்டு தலைகீழானபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அக்காவைக் காணவில்லை!

"அக்கா! அக்கா!"

படகின் வெள்ளை அடிப்பாகம் மட்டும் ஆமை ஓடு மாதிரி ஏரியில் மிதந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் பொளக்கென்று ஒரு தலை எழும்பியது. அக்கா இருமினாள்.

"உள்ள ஒரே இருட்டு. பாய் மூஞ்சியில ஒட்டிக்கிச்சு!"

அவர்களுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுக்கும் மிஸ், மோட்டார் படகில் பாய்ந்து வந்தார். இருவரையும் மேலே தூக்கிவிட்டார். ஆனால் பாய்மரத்தின் நுனி ஏரிச் சேற்றில் குத்தி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்துத்தான் படகை நிமிர்த்த முடிந்தது.

கரைக்கு வந்ததும் அக்கா லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"நான் இனிமே வரல."

"ஐயோ, அடுத்த வாரம் போட்டி இருக்கே!"

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போ."

அக்கா ஏரிப் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

வாலுவுக்கு வேறு யாரும் வேண்டாம். அக்காவோடு போனால்தான் வேடிக்கை. ஆனால் அக்காவின் பயத்தை எப்படிப் போக்குவது? கூடவே ஒரு கேள்வியும் மண்டைக்குள் எறும்பாய் ஊர்ந்தது. கவிழ்ந்த படகு பக்கவாட்டிலேயே படுத்திருக்கக் கூடாதா? ஏன் குட்டிக்கரணம் அடிக்கிறது?

மறுநாள் காலை குளியலறைக் கதவு ரொம்ப நேரம் சாத்தியே இருந்தது.

"உள்ள தூங்கிட்டியா?" அப்பா கதவைத் தட்டினார். "நான் ஆபீசுக்குக் குளிக்காமத்தான் போகணுமா?"

"அஞ்சே நிமிஷம்ப்பா! படகு கவிழ்ந்துட்டே இருக்கு!"

"குளியலறையிலயா?" என்றார் அப்பா. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகிலேயே காத்திருந்தார். அவருக்கு வாலுவைத் தெரியும்.

பெரிய வாளி நிறையத் தண்ணீர். அதில் தெர்மோகோலில் செதுக்கிய ஒரு படகு. பாய்மரத்துக்கு ஒரு நீள ஆணி. படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்கு ஓர் ஐஸ்கிரீம் குச்சி. வாலு படகைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாள். ஆணியின் கனம் கீழே இழுத்தது. படகு தலைகீழானது.

"ஓ! பாய்மரம் முழுகினாத்தான் நீ புரள்றியா?"

ஆணியின் நுனியில் ஒரு தெர்மோகோல் உருண்டையைக் குத்தினாள். மறுபடி படுக்க வைத்தாள். உருண்டை மிதந்தது. ஆணி முழுகவில்லை. படகு சமர்த்தாகப் பக்கவாட்டிலேயே படுத்துக்கொண்டது.

வாலு குதித்ததில் வாளித் தண்ணீர் கதவிடுக்கு வழியாக வெளியே ஓடியது.

"என் செருப்பு!" என்று அப்பா கத்தினார்.

படகில் ஆட்களும் இருக்க வேண்டுமே? துணிக்கு மாட்டும் இரண்டு க்ளிப்புகளைக் கொண்டுவந்து, படுத்திருந்த படகின் மேல் விளிம்பில், பாய்மரம் இருக்கும் பக்கமாகத் தொங்கவிட்டாள். உருண்டை இருந்தும் படகு புரண்டுவிட்டது!

வாலு கண்ணை மூடி யோசித்தாள். நேற்று படகு சாய்ந்ததும் அக்கா பயந்துபோய் அந்த விளிம்பைத்தான் பிடித்துத் தொங்கினாள். வாலுவும் பக்கத்திலேயே தொங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அக்காவைக் கூப்பிட்டாள்.

"எனக்கு இது புரியல. கொஞ்சம் விளையாடிப் பாரேன்."

அக்கா வேண்டாவெறுப்பாக வாளி முன் உட்கார்ந்தாள். க்ளிப்புகளை அங்கே மாட்டினாள், இங்கே மாட்டினாள். படகு மூன்று நான்கு தடவை புரண்டது. கடைசியில் க்ளிப்புகளை அடிப்பக்கக் குச்சியில் மாட்டினாள். படகு மெல்ல ஆடியது. பிறகு டபக்கென்று நிமிர்ந்தது.

அக்கா வாலுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த க்ளிப் நான்தானே? நான் தொங்கினதாலதான் புரண்டுச்சா?"

"ரெண்டு க்ளிப் இருக்கே. ஒண்ணு நான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஏரியில் கவிழ்ந்த பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

"சரி, நிஜப் படகுக்கு உருண்டைக்கு எங்க போறது?"

இருவரும் ஒரு பெரிய காலி பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார்கள். மூடியை இறுக்கித் திருகி, சுற்றிலும் டேப் ஒட்டினார்கள். அடுத்த பயிற்சி நாளில் ஏரிக்கரையில் மிஸ் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"படகுக்குத் தலையணை மிஸ். தலைக்கு வச்சிட்டுப் பக்கவாட்டுலயே படுத்துக்கும்."

"பாட்டில் உச்சியில இருந்தா வேகம் கொஞ்சம் குறையும். போட்டியில ஜெயிக்கறது கஷ்டம்."

"பரவாயில்ல மிஸ். அக்கா வரணும்."

பாட்டிலைப் பாய்மரத்தின் உச்சியில் மிஸ்ஸே இறுக்கிக் கட்டினார். மோட்டார் படகில் பக்கத்திலேயே வந்தார்.

ஏரியின் நடுவில் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கவிழ்த்துரட்டுமா?" என்றாள் வாலு.

"ம்... சீக்கிரம்! மனசு மாறிடப் போகுது!"

இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். பாய் பட்டென்று தண்ணீரில் அறைந்தது. பாய்மரம் கொஞ்சம் முழுகியது. பாட்டில் ஒரு முறை உள்ளே போனது. உடனே துள்ளி மேலே வந்தது. அங்கேயே நின்றது.

"புரளல!" என்று கத்தினாள் வாலு.

அக்காவின் கை விளிம்பைத் தேடிப் போனது. பாதியில் நின்றது. அவள் கையை இழுத்துக்கொண்டு, படகைச் சுற்றி அடிப்பக்கம் நீந்தினாள். வாலுவும் பின்னால் போனாள். இருவரும் அங்கே நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று, முழு பலத்தோடு பின்னால் சாய்ந்தார்கள்.

பாய் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. படகு நிமிர்ந்தது. இருவரும் உள்ளே உருண்டு விழுந்தார்கள்.

மோட்டார் படகிலிருந்து மிஸ் கை தட்டினார்.

அக்கா முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மூச்சு வாங்கியது. நிமிர்ந்து பாயைப் பார்த்தாள். பிறகு வாலுவைப் பார்த்தாள்.

"ஏய் வாலு... இன்னொரு தடவை கவிழ்க்கலாமா?"