பீரோ விற்பனைக்கு... ஆள் உட்பட!

செல்போன் அலறியது.

தரையில் மண்டியிட்டு ஒரு மிக்ஸியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவள், கேமராவைக் கீழே வைக்காமலே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள்.

"சொல்லுங்க!"

"ஏம்மா, இப்ப கண்ணாடி பீரோன்னு ஒண்ணு போட்டிருக்கியே... அது இன்னும் இருக்கா?" ஒரு பெண் குரல்.

"இருக்கும்மா. தேக்கு! கீறல் கிடையாது. சாவி ரெண்டும் இருக்கு."

"அதெல்லாம் சரி. கண்ணாடிக்குள்ள ஒருத்தன் இருக்கானே... அவனும் சேர்த்துத்தானா?"

"என்னது?"

"கட்டில்ல கிடக்கான்மா! கை காலெல்லாம் கயிறு... வாயில துணி... பெரிசு பண்ணிப் பாரு!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்தவர் வீட்டுப் பழைய சாமான்களைப் படமெடுத்து ஆன்லைனில் விற்றுக் கொடுப்பது அவள் தொழில். முதலீடு... ஒரு சாதாரண டிஜிட்டல் கேமரா, ஒரு லேப்டாப், சாமானுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு வெள்ளை பெட்ஷீட். கேமராவின் திரை தீப்பெட்டி அளவு. அதில் பீரோ தெரிந்ததே பெரிய விஷயம்!

நேரே நின்றால் கண்ணாடியில் தானும் விழுவோம் என்று பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தாள். அவள் விழவில்லை. வேறு ஒருவர் விழுந்துவிட்டார்!

லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணாடி ஓரத்தில், ஒருக்களித்துத் திறந்திருந்த அறைக் கதவு. இடுக்கில் ஒரு கட்டில். கட்டிலில்...

"ஐயோ!"

"என்ன மேடம்?"

பின்னால் நின்றான், காலையில் அவளை இந்த வீட்டுக்கு அழைத்து வந்தவன். "எங்க மாமாவும் அத்தையும் வெளியூர்லயே தங்கிட்டாங்க... வீட்டைக் காலி பண்ணணும்" என்று சொன்ன மருமகன். "அந்த ரூம் பக்கம் மட்டும் போகாதீங்க, ஒரே தூசி" என்றும் சொல்லியிருந்தான்.

தூசிக்கு மீசை இருந்ததை இப்போதுதான் பார்த்தாள்.

"ஒ... ஒண்ணுமில்ல சார்... பீரோவுக்கு ஆள் வந்திருக்கு."

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். முகம் மாறியது. போனைப் பிடுங்கி அணைத்தான். இடுப்பிலிருந்து கத்தி வெளியே வந்தது.

"அடப்பாவி! சொந்த மாமாவைக் கட்டிப் போட்டுட்டு அவர் சாமானை விக்கிறியா?"

ஒரு கணம் முழித்தான்.

"ஆங்... ஆமா! மாமாதான்! வாயை மூடு! முதல்ல அந்தப் படத்தைத் தூக்கு!"

"தூக்கினா அந்தம்மாவுக்குச் சந்தேகம் வலுக்கும் சார்... நேரா போலீசுக்குப் போகும். வேற படம் எடுத்து மாத்திடலாம். ஏதோ நிழல்னு நினைச்சுக்குவாங்க."

யோசித்தான்.

"சீக்கிரம்!"

இந்த முறை அறைக் கதவை அவனே இழுத்துச் சாத்தினான். அவள் க்ளிக்கினாள்.

"என்ன இது, படத்துல பீரோ ஆடுது?"

"பீரோ ஆடல சார். நான் ஆடறேன். கத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க!"

கேமராவை நாற்காலி மேல் வைத்து டைமரைப் போட்டாள். பீப்... பீப்... க்ளிக்! கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகினாள். படத்தில் எங்காவது மீசை தெரிகிறதா என்று அவன் கண்ணை இடுக்கித் துழாவிக்கொண்டிருந்தான். அதற்குள் அவள் விரல்கள் கீழே நாலு வார்த்தை தட்டிவிட்டன.

"போட்டாச்சு."

"நல்லது. இப்ப அந்த ரூமுக்கு நட! மாமாவுக்குப் பேச்சுத்துணை வேணாமா?"

கத்தியை அவளை விட்டு விலக்காமலே மீதிக் கயிற்றைத் தேடி எடுக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் பூட்டிய கதவின் முன்னால் நிற்பாளே என்று நினைத்ததும் கண்ணீர் முட்டியது. ஒரு மணிக்கட்டில் கயிறு இறுகியது. அப்போது...

காலிங் பெல்!

மறுபடி பெல்! கதவில் தட்டல்! தட்டல் இடியானது! தாழ்ப்பாள் தெறித்தது!

"சோபா என்னுது! நான்தான் முதல்ல வந்தேன்!"

"ஃப்ரிட்ஜ் எங்கப்பா?"

"தள்ளாதீங்க சார், மிக்ஸி உடையப் போகுது!"

வெள்ளம் உள்ளே புகுந்தது. அவன் பேயறைந்தாற்போல் நின்றான்.

"ஏய்... என்னடி போட்டே?"

"வீட்டில் உள்ள அனைத்தும் இலவசம்! முந்துபவர் அள்ளிக்கொள்ளலாம்! விலாசமும் போட்டேன்."

"அடிப்பாவி!"

"காப்பாத்துங்கன்னு போட்டிருந்தா லைக் போட்டுட்டுப் போயிருப்பாங்க. இலவசம்னா எவனாவது வீட்ல உக்காந்திருப்பானா?"

அவன் வாசலுக்குப் பாய்ந்தான். வாசலில் ஃப்ரிட்ஜ் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. கத்தியை ஓங்கினான்.

"இதுவும் இலவசமாப்பா?" என்று ஒரு மாமி அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்!

"விடாதீங்க! ஆளைக் கட்டிப் போட்டிருக்கான்!" அவள் கத்தினாள்.

வாஷிங் மெஷினைக் கட்டிப் பிடித்திருந்த ஒருவர் திரும்பினார். "அப்படியா? நான் போலீஸ்தான்மா. இன்னிக்கு லீவு. இந்த மெஷினை யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்!" என்றபடி வந்து அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

உள்ளறையிலிருந்து நாலு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே மீசைக்காரர், கட்டோடு!

"இவரை இறக்கணுமா, இவரும் இலவசமா?"

"நிறுத்துங்கடா! அது என் கட்டில்!"

வாசலில் ஒரு அம்மாள். மூச்சு வாங்கியது. அந்தக் குரல்... பீரோவுக்குப் போன் செய்த அதே குரல்!

"எங்க வீட்டு பீரோ மாதிரியே இருக்கே, ஜோடியா வாங்கிப் போடலாம்னு கேட்டேன்மா! ஊர்ல இருந்து கார்ல வந்துட்டே இருக்கோம்... விலாசத்தைப் பாத்தா, இது எங்க வீடு!"

"பயப்படாதீங்கம்மா!" அவள் ஓடிப் போய்த் தாங்கினாள். "உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகல! இதோ, கட்டில்ல பத்திரமா இருக்கார்!"

"என் வீட்டுக்காரர் அதோ, காரை நிறுத்திட்டு வர்றார். இந்த மீசை யாரு?"

போலீஸ்காரர் மீசைக்காரன் வாயிலிருந்த துணியை உருவினார்.

"இவன் என் பார்ட்னர் சார்!" மீசை குமுறியது. "கிடைச்ச நகையோட ஓடிடலாம்டான்னேன்! ஜனங்களே வந்து தூக்கிட்டுப் போவாங்க, சோபா வரைக்கும் வித்துடலாம்னு இவனுக்குப் பேராசை! கூடாதுன்னேன்... கட்டிப் போட்டுட்டான்!"

மாமா, மாமா என்று அவள் பதறியதெல்லாம் ஒரு திருடனுக்காக!

போலீஸ்காரர் போட்ட சத்தத்தில், அள்ளியதெல்லாம் முணுமுணுப்போடு திரும்பி வந்தது. கடைசியாக, கத்தி.

"ஸ்டேஷனுக்கு அனுப்பணும்... ரெண்டு பேரையும் அழகா ஒரு போட்டோ எடும்மா."

பெட்ஷீட்டைத் தொங்கவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் இருவரையும் நிறுத்தினாள். கேமராவை உயர்த்தினாள்.

"சார்... ஓரத்துல பெட்டியோட ஒருத்தர் முழிச்சுக்கிட்டு நிக்கறாரே, யாரு அவரு?"

வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அது எங்க வீட்டுக்காரர்தான். கிடக்கட்டும், அவரையும் சேர்த்தே போடு... என்ன விலைக்குப் போறார்னு பாப்போம்!"